மூலவன் வம்சம்

முகுந்தனின் மீனுக்கு வம்சப் பத்திரம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்தபோது, ஜெயராஜ் காப்பார் பாசாரில் தன் மீன் கடையில் கெலி என்கிற கெளுத்தி மீன் ஒன்றின் தலையைத் தட்டிக்கொண்டிருந்தார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டிருந்தார்கள். முகுந்தன் கோட் அணிந்து, பொன்னாடை போர்த்தி நின்றான். பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கெலி. பெட்டிக்கும் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். "எங்க வீட்டு மீனுக்கு இன்னிக்கித்தான் ஒரு மரியாதை கெடைச்சிருக்கு" என்று மைத்துனி ஷாமினி கீழே எழுதி, கும்பிடும் கைகளை வரிசையாக வைத்திருந்தாள்.

ஜெயராஜ் கையைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முதலில் முகுந்தனை, அப்புறம் மீனை. மீனிடம் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. பாசார் வாளியில் கிடந்து வாயைத் திறந்து மூடும் மீன்களைப் போலத்தான் அதுவும் வாயைத் திறந்திருந்தது. கோட் மட்டும் நன்றாக இருந்தது.

ஜெயராஜும் முகுந்தனும் சகலைகள். மூத்தவள் லோகேஸ்வரியை ஜெயராஜ் கட்டியிருந்தார், இளையவள் ஷாமினியை முகுந்தன். ஜெயராஜ் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். முகுந்தன் இன்சூரன்ஸ் விற்றவன். முதுகுவலி வந்து ஒருவரும், வாடிக்கையாளர்கள் அழைப்பை எடுக்காமல் போனதால் மற்றவனும் தொழிலை விட்டு, காப்பாருக்கு அப்பால் செம்பனைத் தோட்டத்து ஓரம் பக்கத்துப் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் குளம் வெட்டினார்கள். ஒரே பண்ணையில் குஞ்சு வாங்கினார்கள். ஒரே தீனியைப் போட்டார்கள். முகுந்தன் வேலிக்குப் பச்சை வண்ணம் அடித்தால் அடுத்த வாரம் ஜெயராஜ் வேலியும் பச்சையாகும். ஷாமினி வீட்டு வாசலுக்கு டைல்ஸ் போட்டால் லோகேஸ்வரி கேட்காமலே அவள் வாசலுக்கும் டைல்ஸ் வந்துவிடும். இப்படிப் பல வருஷமாகச் சமமாக ஓடிக்கொண்டிருந்த குடும்பம். இந்தப் பத்திரம் எந்தக் கடையிலும் விற்கிற பொருளாக இல்லாததுதான் சிக்கல்.

பத்திரத்தை வழங்கியது நன்னீர் மீன் மரபணுப் பன்மை மன்றம். தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேல் மாடியில் அதன் அலுவலகம் இருந்தது. மன்றத்தின் நோக்கம் நல்ல நோக்கம். ஆற்று மீனும் சரி, குளத்து மீனும் சரி, வர வர எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆகிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஆனால் ஒரு நோய் வந்தால் போதும், மொத்தமும் போய்விடும். ஆகவே விதவிதமான வம்சங்களைக் காப்பாற்றி வைக்க வேண்டும். இதை எழுதிக் கொடுத்தவர் டாக்டர் மாதவி என்ற இளம் மரபியல் ஆய்வாளர். எழுதி வாங்கியபின் அவருக்கு அலுவலகத்தின் கடைசி அறையைக் கொடுத்துவிட்டு, நோக்கத்தை நிறைவேற்றும் பொறுப்பைத் தலைவர் டத்தோ பக்தவத்சலம் எடுத்துக்கொண்டார். டத்தோ அதற்குமுன் ஒரு பூப்பந்துச் சங்கத்துக்கும் இரண்டு மண்டபங்களுக்கும் தலைவராக இருந்தவர். தலைமை தாங்குவது ஒன்றுதான், எதற்குத் தாங்குகிறோம் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அவருடைய அனுபவம்.

பன்மையைக் காக்க முதலில் பன்மைக்கு ஒரு மாதிரி மீன் வேண்டும் என்று டத்தோ முடிவு செய்தார். அதற்காக ஒரு போட்டி நடந்தது. வந்த கெலி மீன்கள் அனைத்தையும் அலுவலகத் தொட்டியில் ஒன்றாக விட்டு வைத்தார்கள். மறுநாள் நடுவர்கள் வந்தபோது தொட்டியில் ஒரே ஒரு மீன்தான் இருந்தது. அது மிகவும் பெரிதாக இருந்தது. முடிவில் சர்ச்சை ஏதும் எழவில்லை. அந்த மீனுக்கு மூலவன் என்று பெயர் சூட்டினார்கள். பத்திரம் வேண்டுகிறவர்கள் குளத்தை வடித்து, பழைய மீனையெல்லாம் அகற்றி, மூலவனின் பிள்ளைகளை மட்டும் விட்டு வளர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் அந்தக் குளத்தில் பன்மை காக்கப்படுகிறது என்று மன்றம் எழுதித் தரும்.

முகுந்தன் அப்படிச் செய்திருந்தான். ஜெயராஜிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் ஜெயராஜுக்கு முதலில் வலித்தது. பிறகு வலிக்க வேறு பல விஷயங்கள் வந்து சேர்ந்தன. கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, மைக் பிடித்தவர் "மூலவன் வம்சம் புகழ் முகுந்தன் தம்பதியர்" என்று வரவேற்று முன்வரிசையில் உட்கார வைத்தார். ஜெயராஜுக்குச் சமையல்கட்டுக் கதவோரம் மேசை கிடைத்தது. முகுந்தன் வாசலில் மூலவன் படம் போட்ட பலகை ஏறியது. பாசாரில் பல வருஷமாக மீன் வாங்கிய வாடிக்கையாளர்கள்கூட, இது மூலவன் கெலியா என்று கேட்டார்கள். இல்லை, ஆனால் ருசி ஒன்றுதான் என்று ஜெயராஜ் சொன்னால், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காத தகப்பனைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார்கள்.

லோகேஸ்வரிக்கு இதெல்லாம் ஒரு விஷயமாகப் படவில்லை. "மீனுக்குத்தானே குடுத்தாங்க, உங்க சகலைக்கா குடுத்தாங்க?" என்று கேட்டாள். ஜெயராஜ் அதைப் பகல் முழுக்க யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் மனசு ஆறவில்லை. மறுநாள், குளத்தை வடிக்காமல் இருக்கிற மீனுக்கே கேட்டுப் பார்க்கலாம் என்று மன்றத்துக்கு விண்ணப்பம் போட்டார்.

மீன்களின் துடுப்பிலிருந்து துண்டுகள் வெட்டி அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினார். சில வாரம் கழித்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. விதிப்படி மீனும் நேரில் வர வேண்டும். ஜெயராஜ் தன் குளத்திலேயே திடமான ஒரு கெலியைத் தேர்ந்தெடுத்தார். மஞ்சள் உடம்பு, அதில் கறுப்புப் புள்ளி, ஒரு பக்க மீசை மட்டும் கொஞ்சம் குட்டை. பழைய பெயிண்ட் வாளியில் தண்ணீர் ஊற்றி, மூடியில் துளை போட்டு, அதை உள்ளே விட்டுக் கிள்ளான் ஸ்டேஷனில் கொமுட்டர் ரயில் ஏறினார். காவலாளி வந்து வாளியில் என்ன என்று கேட்டார். மீன், இன்டர்வியூவுக்குப் போகிறது என்றார் ஜெயராஜ். அந்த மலாய்க்காரர் ஆச்சரியப்படவில்லை. ஏற்கெனவே பல வாளிகளைப் பார்த்திருப்பார் போல. மூலவனா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும், அப்படியானால் கதவோரமாக நில்லுங்கள், தண்ணீர் சிந்தும் என்றார். ஷா ஆலாம் வரைக்கும் ஜெயராஜ் அதையே நினைத்துக்கொண்டு நின்றார். மூலவன் என்று சொல்லியிருந்தால் தண்ணீர் சிந்தாதா என்ன?

மன்றத்துக் காத்திருப்பு அறையில் மூலவனின் பெரிய படம் மாலையோடு தொங்கியது. உயிரோடு இருக்கிற மீனுக்கு ஏன் மாலை என்று ஜெயராஜ் மெதுவாகக் கேட்டார். மரியாதைக்கு என்றார் செயலாளர் வாசு.

உள்ளே டத்தோ நடுவில் உட்கார்ந்திருந்தார். வாசு ஒரு பக்கம். மேசையின் கோடியில் டாக்டர் மாதவி. மீனின் தந்தை எங்கே என்று முதல் கேள்வி. அப்பனைப் போன தீபாவளிக்கு விற்றுவிட்டதாக ஜெயராஜ் சொன்னார். தாய்? அதுதான் சரியாகத் தெரியவில்லை என்றார் ஜெயராஜ். செம்பனைத் தோட்டத்துப் பெரிய வாய்க்கால், ஊரில் பாரிட் என்பார்கள், மழைக்கு நிரம்பினால் தண்ணீர் குளத்துக்குள் ஏறும். அதோடு காட்டுக் கெலியும் உள்ளே வந்துவிடும். யார் யாரோடு சேர்கிறது என்று நின்று பார்க்க முடிவதில்லை. வாசு எல்லாவற்றையும் கேட்டு, தாய் என்ற இடத்தில் மழை என்று குறித்துக்கொண்டார்.

அப்போது டாக்டர் மாதவி பேசினார். துடுப்புத் துண்டுகளைத் தான் சோதித்ததாகவும், பத்திரம் பெற்ற அத்தனை குளங்களையும் கூட்டினாலும் இந்த ஒரு குளத்தில் இருக்கும் வகைகளுக்கு ஈடாகாது என்றும் சொன்னார். வெளிநாட்டுக் கெலி, பழைய உள்ளூர்க் கெலி, இரண்டும் கலந்தது, ஆற்றிலிருந்து வந்தது எல்லாம் இருக்கிறது. இதைச் சொல்லும்போது அவருடைய முகம் மலர்ந்திருந்தது. ஜெயராஜுக்கும் மலர்ந்தது. முகுந்தனின் கோட்டைவிட நல்ல கோட் ஒன்றை எங்கே தைக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தார்.

டத்தோ வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "அதுதான் பிரச்சினை மிஸ்டர் ஜெயராஜ். உங்க குளத்துல பன்மை ரொம்ப அதிகமா இருக்கு. மன்றம் அனுமதிக்கிற அளவைத் தாண்டிடுச்சி."

இது பன்மை மன்றம்தானே என்று ஜெயராஜ் கேட்டார். இடம் மாறி வந்துவிட்டோமோ என்ற பயம் அவருக்கு. கீழே சேலைக் கடை இருந்தது நினைவுக்கு வந்தது, இடம் சரிதான்.

"பன்மைங்கறது கண்டபடி கெடக்கக் கூடாது," என்றார் டத்தோ. "அதுக்கு ஒரு ஒழுங்கு வேணும். எல்லாக் குளத்துலயும் ஒரே மாதிரியான பன்மை இருக்கணும். ஒரு குளத்துப் பன்மைக்கும் இன்னொரு குளத்துப் பன்மைக்கும் வித்தியாசமே தெரியக் கூடாது. அதுதான் நம்ம மன்றத்தோட கனவு."

அண்ணனையும் தங்கையையும் சேர்ப்பதுபோல் ஒரே மூலவனின் பிள்ளைகளையே திரும்பத் திரும்பச் சேர்த்தால் வம்சம் பலவீனமாகிவிடும் என்று மாதவி குறுக்கிட்டார். இதை அவர் பல கூட்டங்களில் சொல்லியிருக்க வேண்டும். குரலில் களைப்பு தெரிந்தது. டத்தோ பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, நம் சமுதாயத்தில் உறவுக்குள் கட்டுவதில்லையா, நானே அத்தை மகளைத்தான் கட்டியிருக்கிறேன், என் பிள்ளைகளுக்கு என்ன குறை என்று கேட்டார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் மன்றத்தின் செயற்குழுவில் இருந்தார்கள்.

வாளியைத் தூக்கிக்கொண்டு ஜெயராஜ் மாடிப்படி இறங்கினார். கொமுட்டரில் வரும்போது மூடியைத் திறந்து மீனைப் பார்த்தார். அது நிம்மதியாக இருந்தது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

அதன்பின் முகுந்தனைப் பார்ப்பதே கஷ்டமாகிவிட்டது. அவன் கெட்டவன் இல்லை என்பது இன்னும் பெரிய கஷ்டம். விண்ணப்பம் என்னாச்சு சகலை என்று அக்கறையாக விசாரித்தான். தான் டத்தோவிடம் ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்றான். ஒருவன் அகம்பாவம் பிடித்து நடந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். உதவி செய்ய வருகிறவனை என்ன செய்வது? ஜெயராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு, வேண்டாம்லா, என் மீனுக்கு இந்த விளம்பரமெல்லாம் ஒத்துக்காது என்று சொல்லிவைத்தார்.

இந்தச் சமயத்தில் மன்றம் பத்திரம் பெற்றவர்களைக் கடல் தாண்டிப் பாண்டுங்குக்கு அழைத்துப் போனது. பன்மையை நேரில் காணும் பயணம் என்று பேர். முகுந்தன் குடும்பத்தோடு கிளம்பினான். கிளம்புமுன் வேலிக் கேட்டின் சாவியைக் கொண்டுவந்து ஜெயராஜ் கையில் கொடுத்தான். "ஆளுங்களை நம்ப முடியாது சகலை. நீங்க பார்த்துக்கிட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்றான்.

ஜெயராஜ் முதல் நாள் தீனி போடப் போனார். குளத்தோரம் நின்று ஒரு கை அள்ளி வீசினார். எல்லா மீனும் ஒரே நேரத்தில் திரும்பின. ஒரே கறுப்பு, ஒரே நீளம், ஒரே மாதிரி வாய். தீனி விழுந்த பக்கம் ஒழுங்காக வந்து, தின்று, ஒழுங்காக இறங்கிப் போயின. அவருடைய குளத்தில் தீனி போட்டால் ஒரு கலவரமே நடக்கும். ஒன்று குதிக்கும், ஒன்று அடுத்ததைக் கடிக்கும், ஒன்று வரவே வராது. பிறத்தியான் வீட்டுப் பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவதைப் பார்த்ததுபோல் அவருக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் அந்த யோசனை வந்தது. மன்றத்து ஆட்கள் அடிக்கடி திடீர்ச் சோதனை நடத்துவார்கள். பத்திரம் வாங்கிய குளத்தில் அப்பன் பேர் தெரியாத மீன் ஒன்று அகப்பட்டாலும் பத்திரம் ரத்து. நல்ல வெயில் நேரத்தில், செம்பனைத் தோட்டத்தில் யாருமில்லாதபோது, ஜெயராஜ் தன் குளத்தில் வலை போட்டு, கிடைத்த மீன்களை வாளியில் அள்ளி, சகலை குளத்தில் கொண்டுபோய்க் கவிழ்த்தார். இன்டர்வியூவுக்குப் போய் வந்த குட்டை மீசையும் அதில் ஒன்று. போ, போய் அங்கே இரு, உன்னைத்தான் வேண்டாம் என்றார்கள் என்று அதனிடம் சொன்னார். சாவியைப் பூட்டில் போட்டுத் திருப்பும்போது, நிம்மதி என்று முகுந்தன் சொன்ன வார்த்தை காதில் கேட்டது. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, அதை மறந்துவிட்டார்.

சோதனை வருவதற்குமுன் நோய் வந்துவிட்டது.

முதலில் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு குளத்தில் மீன்கள் உடம்பில் சிவப்புப் புண்ணோடு மிதந்தன. பிறகு பந்திங்கில். பிறகு மோரிப்பில். பத்திரம் பெற்ற குளம் எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் ஒரே மாதிரிப் புண், ஒரே மாதிரி மிதப்பு. ஒரு குளம் போனால் அடுத்த குளம் எப்படிப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற அளவுக்கு எல்லாம் ஒரே மாதிரி நடந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஏர்கோன் அறையில் இருந்த மூலவனும் ஒரு வெள்ளிக்கிழமை காலை மல்லாந்துவிட்டது. படத்தில் மாலை ஏற்கெனவே இருந்ததால் அலுவலகத்தில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

டத்தோ பத்திரிகையாளர்களைக் கூட்டினார். மன்றத்தின் கொள்கை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதற்கு இந்தத் துயரமே சான்று என்றார். "ஒரு மீன்கூட வரிசையைவிட்டு விலகல. எல்லாம் ஒத்துமையாப் போயிருக்கு. இப்படி ஒரு ஒழுங்கை நான் எந்தச் சங்கத்துலயும் பார்த்ததில்லை" என்று சொல்லி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

செய்தி கேட்டதும் ஜெயராஜ் முகுந்தன் குளத்துக்கு ஓடினார். ஓடும்போது மனசுக்குள் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் முகுந்தன் முழங்கால் தண்ணீரில் நின்று செத்த மீன்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்த கோலத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. ஷாமினி கரையில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜெயராஜ் சிலுவாரை முழங்கால்வரை மடித்துக்கொண்டு இறங்கி வலையின் மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேரும் இழுத்தார்கள்.

வலைக்குள் எதுவோ துள்ளியது. அப்புறம் இன்னொன்று. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி. குட்டை மீசை ஜெயராஜின் காலை உரசிக்கொண்டு போனது.

அவர் வாயைத் திறப்பதற்குள் முகுந்தன் கரையேறி மன்றத்துக்குப் போன் போட்டுவிட்டான். என் மீன் பிழைச்சிருக்கு, மூலவன் வம்சம் பிழைச்சிருக்கு என்று அழுதுகொண்டே சொன்னான்.

டத்தோ ரப்பர் காலணியோடு வந்திறங்கினார். மீன்களைப் பார்த்தார். நிறம் வேறாக இருக்கிறதே என்று வாசு இழுத்தார். பெற்றோரையும் உடன்பிறப்பையும் ஒரே நாளில் பறிகொடுத்த மீன், நிறம் மாறாமல் எப்படி இருக்கும் என்று டத்தோ கேட்டார். மீசை குட்டையாக இருக்கிறதே என்றதற்கு, துக்கம் என்றார். டாக்டர் மாதவி மட்டும் குனிந்து குட்டை மீசையைப் பார்த்தார். நிமிர்ந்து ஜெயராஜைப் பார்த்தார். பிறகு துடுப்பில் ஒரு சின்னத் துண்டு வெட்டி எடுத்துக்கொண்டார்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் விழா எடுத்தார்கள். முகுந்தனுக்குப் பன்மைச் செம்மல் பட்டம். குட்டை மீசைக்கு இரண்டாம் மூலவன் என்ற பெயர். நாதஸ்வரம் வாசிக்க, கண்ணாடிப் பெட்டியை இருவர் தூக்கிவந்து மேடையில் வைத்தார்கள். ஜெயராஜ் லோகேஸ்வரியோடு நடுவரிசையில் உட்கார்ந்திருந்தார். இத்தனை நாள் சகலையின் மேல் இருந்த பொறாமை இப்போது மீனின் மேல் திரும்பியது. அவர் குளத்தில் இருந்தவரை அதை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இதே ஊருக்கு அவர்தான் அதை வாளியில் வைத்து, ரயிலில் நின்றபடியே கொண்டுவந்தார். இப்போது அது ரோஜா மாலைக்குப் பின்னால் இருந்து அவரைத் தெரியாததுபோல் பார்த்தது.

பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றார். நாதஸ்வரம் நின்றது.

"அது என் மீனு," என்றார். "நான்தான் கொண்டுபோய் முகுந்தன் குளத்துல விட்டேன். பத்திரம் போகணும்னுதான் விட்டேன். தப்புதான். ஆனா மீன் என்னுது."

லோகேஸ்வரி அவருடைய சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். முகுந்தன் மேடையில் போர்த்திய பொன்னாடையோடு நின்றான்.

டத்தோ மைக்கை வாங்கினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. "இந்த அண்ணனோட மீனை மன்றம் முறையா பரிசீலிச்சு நிராகரிச்சிருக்கு. மன்றம் நிராகரிச்ச மீன் பிழைக்க வழியே இல்ல. இது பிழைச்சிருக்கு. அதனால இது அவரோட மீன் இல்ல" என்றார். அவ்வளவுதான். கைத்தட்டல் எழுந்தது. பின்வரிசையில் யாரோ, பாவம், சகலைமேல் பொறாமை என்று சொன்னது தெளிவாகக் கேட்டது. அந்த ஒன்று மட்டும் உண்மையாக இருந்ததால் ஜெயராஜ் உட்கார்ந்துவிட்டார்.

முகுந்தனும் நம்பவில்லை. கீழே வாசலில் ஜெயராஜின் தோளில் கைபோட்டு, விடுங்க சகலை, எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல என்றான். ஜெயராஜுக்கு அவன் இரண்டு அறை அறைந்திருக்கலாம் என்று இருந்தது.

விழா முடிந்த கையோடு மன்றம் புது உத்தரவு போட்டது. இனி ஒரே வம்சம், இரண்டாம் மூலவனின் வம்சம். வட்டாரத்தில் இருக்கிற எல்லாக் குளங்களும், பத்திரம் இல்லாதவை உட்பட, வடிக்கப்பட வேண்டும். குஞ்சு இலவசம். வடித்தவர்களுக்கு நேர்முகம் இல்லாமலே பத்திரம். ஜெயராஜ் உத்தரவைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு அவருடைய முகம் மெல்லத் தெளிந்தது. முகுந்தன் சுவரில் இருக்கும் பத்திரம் தன் சுவருக்கும் வரப்போகிறது. அதுவும் இலவசமாக.

லோகேஸ்வரிக்குத்தான் புரியவில்லை. குளத்தில் இருப்பதெல்லாம் அந்தக் குட்டை மீசைக்குப் பெரியப்பன், சித்தப்பன், தம்பி. அத்தனையையும் கொன்றுவிட்டு, அதன் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவதா என்று கேட்டாள். விதி அப்படித்தான் என்றார் ஜெயராஜ்.

பம்பு வாடகைக்கு விடும் அய்யாவு ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். குழாயைப் பாரிட்டில் போட்டு மோட்டாரை ஓட்டினார். குளம் இறங்க ஆரம்பித்தது. சேற்றில் முதுகுகள் தெரிந்தன: மஞ்சள், கறுப்பு, சாம்பல், பளிங்குபோல் வரி போட்டது. அப்போது ஒரு மைவி கார் செம்மண் பாதையில் தடுமாறி வந்து நின்றது. டாக்டர் மாதவி இறங்கிச் சேற்றில் பாதி ஓடியும் பாதி வழுக்கியும் கரைக்கு வந்தார்.

சோதனை முடிவு வந்துவிட்டது என்றார். இரண்டாம் மூலவனின் சொந்தக்காரர்கள் இந்தக் குளத்தில்தான் இருக்கிறார்கள். மன்றத்தில் சொன்னாராம், கூட்டக் குறிப்பில் சேர்த்துக்கொண்டார்களாம். நோய் வந்தபோது இந்த மீன்கள் பிழைத்ததற்குக் காரணம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருப்பதுதான்; ஒன்றைத் தாக்கும் நோய் இன்னொன்றைத் தொடாது. இதையும் வடித்துவிட்டு மறுபடி ஒரே ஆண் மீனின் பிள்ளைகளை எங்கும் விட்டால், அடுத்த நோயில் மறுபடி எல்லாம் மிதக்கும். அப்போது எடுத்து விடுவதற்கு எங்கேயும் மீன் இருக்காது. பாரிட்டுகளில்கூட மருந்து கலந்து காட்டுக் கெலி அருகிவிட்டது. நாட்டுக்கும் ஆற்றுக்கும் வரப்போகிற தலைமுறைக்கும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார்.

ஜெயராஜ் மரியாதையாகக் கேட்டார். நாடும் ஆறும் அவர் மனசில் பெரிதாக ஏறவில்லை. பத்திரத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட ஏற்கெனவே ஆள் பார்த்து வைத்திருந்தார். ஒரு விஷயம் மட்டும் எங்கோ இடறியது.

"அப்ப இந்த மாதிரி மீனுங்க முகுந்தன்கிட்ட இல்லையா?"

"இல்ல அங்கிள். நீங்க விட்டதை எல்லாம் மன்றத்து ஆளுங்க பிடிச்சிக்கிட்டு, அந்த ஒரு ஆண் மீனை மட்டும் வச்சிக்கிட்டு மத்ததை அடிச்சிட்டாங்க. இனிமே அவர்கிட்ட இருக்கப்போறது அதோட பிள்ளைங்க மட்டுந்தான். இவ்வளவு விதம் அவர்கிட்ட இல்ல. யார்கிட்டயும் இல்ல."

"அவன் ஆசைப்பட்டா எங்கயாச்சும் வாங்க முடியுமா?"

மாதவி அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "நீங்க குடுத்தாத்தான் உண்டு" என்றார்.

ஜெயராஜ் குளத்தைத் திரும்பிப் பார்த்தார். சேற்றில் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, கடித்துக்கொண்டு, ஒழுங்கே இல்லாமல் புரண்டுகொண்டிருந்தன. பணம் கொடுத்தாலும் கிடைக்காது. டத்தோவிடம் ஒரு வார்த்தை சொன்னாலும் கிடைக்காது. ஜெயராஜ் கையை உயர்த்தினார்.

"அய்யாவு, மோட்டாரை நிப்பாட்டு. தண்ணியைத் திருப்பி உள்ள விடு."

உத்தரவு போய்விட்டபடியால் குளம் வடிக்கப்பட்டது என்றே மன்றத்தில் பதிவாகியிருந்தது. இல்லாத மீன்களை யாரும் சோதிக்க வரவில்லை. டாக்டர் மாதவி மட்டும் விடுமுறை நாட்களில் வந்து கரையில் உட்கார்ந்து துடுப்பு வெட்டிக்கொண்டு போனார். எந்த வகை எது என்று அவர் சொல்லச் சொல்ல, ஜெயராஜ் நகை விவரம் கேட்கிறவர்போல் கேட்டுக்கொண்டார். எல்லாவற்றுக்கும் கடைசியில், இது முகுந்தனிடம் கிடையாதே என்று உறுதிப்படுத்திக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முகுந்தன் வந்தான். புதிதாகக் குஞ்சு விட்ட குளத்தைப் பற்றி, இரண்டாம் மூலவனின் பிள்ளைகள் வளர்கிற அழகைப் பற்றிப் பேசிக்கொண்டே கரைக்கு நடந்தான். ஜெயராஜ் ஒரு கை தீனியை அள்ளி வீசினார். தண்ணீர் கலங்கியது. மஞ்சளும் கறுப்பும் வரி போட்டதும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குதித்தன. வெள்ளைப் புள்ளி தெளித்த ஒரு பெரிய கெலி பாதி உடம்பு வெளியே வந்து, வாலால் அடித்துவிட்டு உள்ளே போனது.

முகுந்தனின் பேச்சு நின்றுவிட்டது. அவன் குனிந்து, கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தான்.

"சகலை, அந்தப் புள்ளி போட்டது எங்க கெடைச்சிச்சி?"

"சும்மா, பாரிட்ல கெடந்துச்சிலா."

அதில் ஒரு ஜோடி தர முடியுமா என்று முகுந்தன் கேட்டான். கேட்கும்போது அவரைப் பார்க்கவில்லை, தண்ணீரையே பார்த்தான். பார்க்கலாம் என்றார் ஜெயராஜ். வேறு நிறத்தில் ஒன்று எழும்பியது. முகுந்தன் இன்னும் கிட்டே போய்ப் பார்த்தான். பிறகு திடீரென்று வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

லோகேஸ்வரி இரண்டு கோப்பைத் தேத்தண்ணீரோடு வந்தாள். ஏன் ஒரு வாய் குடிக்காமல் போகிறார், முகமே சரியில்லையே, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டாள்.

"அவனுக்கு ஒண்ணும் இல்ல," என்றார் ஜெயராஜ். "கொஞ்ச நாளைக்கித் தூக்கம் வராது, அவ்வளவுதான்."

தன்னுடைய தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். முகுந்தனுக்கு ஊற்றியிருந்ததையும் எடுத்து, சூடு ஆறுவதற்குள் குடித்தார்.